சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியும் சூடாகவில்லை; நாளை காலை செய்துகாட்ட வேண்டும், உதவுங்கள்

பத்தாம்வகுப்பு_அம்மா (இரவு 7.40)
என் மகள் நாளை வகுப்பில் வெப்ப உமிழ் வினை, அதாவது வெப்பத்தை வெளிவிடும் வினை ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் உஸ் என்ற ஓசையுடன் கொதிக்கும் என்று படித்துவிட்டு மூன்று முறை செய்து பார்த்தோம். சூடும் இல்லை, ஓசையும் இல்லை, வெப்பமானியும் எதையும் காட்டவில்லை. எங்கே தவறு என்று உடனே சொல்லுங்கள்.

அளவுப்பிரியன் (7.52)
எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு நீர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் தவறு நீரின் அளவில்தான் என்று பந்தயம் கட்டுவேன். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நீருடன் வினைபுரிந்தால் ஏறத்தாழ 65 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். 10 கிராமுக்கு 11.6 கிலோஜூல். அந்த வெப்பம் 200 மில்லிலிட்டர் நீரை 14 டிகிரி வரை உயர்த்தும், ஆனால் பத்து லிட்டர் வாளியில் கால் டிகிரி ஏறினாலே அதிகம். வாளியில் செய்தீர்களா?

வெயில்_மானி (7.58)
எந்த வெப்பமானி? காய்ச்சல் பார்க்கும் மின்னணு வெப்பமானி என்றால், அது உடல் வெப்பத்தை ஒட்டிய சில டிகிரிகளை மட்டுமே அளக்கும். அதற்குக் கீழே இருந்தால் 'லோ' என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.

கரிமம்12 (8.05)
மாதத்திற்கு ஒருமுறை இந்தக் கேள்வி இங்கே வருகிறது. ஒருமுறைகூட வினைபடுபொருள் எது என்று கேட்பவர் எழுதியதில்லை. சுண்ணாம்பு என்பது வேதிப்பெயர் அன்று. சுண்ணாம்புக்கல், சுட்ட சுண்ணாம்பு, நீற்றிய சுண்ணாம்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு சேர்மங்கள் என்பது பத்தாம் வகுப்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அதைப் பிரித்தறியாமல் சோதனையில் இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

காளவாய்_பேரன் (8.11)
அண்ணா, நாளை காலைக்குள் வேலை முடிய வேண்டியவரிடம் எதற்கு இந்தக் கடுமை? அம்மா, சுண்ணாம்பை எங்கே வாங்கினீர்கள்? அது கட்டியா, தூளா, பசையா?

பத்தாம்வகுப்பு_அம்மா (8.14)
வெற்றிலைக் கடையில் வாங்கியது. டப்பாவில் பசையாக இருந்தது. டம்ளரில்தான் செய்தோம். காய்ச்சல் வெப்பமானிதான்.

காளவாய்_பேரன் (8.31)
அப்படியானால் உங்கள் மீது தவறே இல்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஏற்கெனவே நீற்றப்பட்டது, அதாவது சுட்ட சுண்ணாம்பில் முன்பே நீர் சேர்த்தது. தான் கொடுக்க வேண்டிய வெப்பத்தை அதைத் தயாரித்தவரின் தொட்டியிலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டது. என் தாத்தா கிளிஞ்சல் சுட்ட காளவாயில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சுட்டெடுத்த கிளிஞ்சலின் மேல் நீர் தெளித்தால் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு மெல்ல விரிசல் விட்டு, ஆவி பறக்க, கையால் தொடாமலேயே மாவாக உதிர்ந்துவிடும். அந்த ஆவிக்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகள் யோசித்துப் பார்க்கட்டும். காளவாயில் சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ 900 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கரியமில வாயுவை விட்டுப் பிரியும்போது, ஒரு மோலுக்கு (அதாவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்க) ஏறத்தாழ 178 கிலோஜூலை உள்வாங்கிக்கொள்கிறது. அது வெப்பக் கொள் வினை. நீற்றும்போது அதில் 65 திரும்பி வருகிறது. மிச்சமுள்ள 113, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும்போது, யார் கைக்கும் தெரியாமல் வெளியேறிவிடுகிறது. விறகு கொடுத்த கடனைச் சுண்ணாம்பு இரண்டு தவணைகளில் அடைக்கிறது என்று தாத்தாவிடம் சொன்னால் சிரித்திருப்பார்.

அதற்காகச் சுட்ட சுண்ணாம்பைத் தேடிப் போக வேண்டாம். அது கண்ணில் தெறித்தால் பார்வையையே பறித்துவிடும். வகுப்பறைக்கு ஏற்ற பொருள் அன்று.

உயிரியல்_டீச்சர் (8.40)
ஒரு சிறு விளக்கத்தையும் மகளுக்குச் சொல்லுங்கள். நீர் மூலக்கூறின் பிணைப்பு உடையும்போது அதில் அடைந்திருந்த ஆற்றல் வெப்பமாக வெளிவருகிறது. நம் உடலில் செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி உடைந்து ஆற்றல் தருவதும் இப்படித்தான்.

கரிமம்12 (8.47)
அம்மையீர், இந்தப் பிழையை விதைப்பதே உயிரியல் வகுப்புகள்தான். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றலைக் கொடுத்தாக வேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். ஹைட்ரஜனையும் குளோரினையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிணைப்புகளை உடைக்க 436, 242 என மொத்தம் 678 கிலோஜூல் செலவாகிறது; ஹைட்ரஜன் குளோரைடின் இரண்டு பிணைப்புகள் உருவாகும்போது இருமுறை 431, அதாவது 862 கிலோஜூல் கிடைக்கிறது. வரவில் செலவு போக 184 மிஞ்சுவதால்தான் அது வெப்ப உமிழ் வினை. செலவு மிஞ்சினால் வெப்பக் கொள் வினை.

உயிரியல்_டீச்சர் (8.55)
ஏடிபி நீராற்பகுப்பில், அதாவது நீருடன் வினைபுரிந்து உடையும்போது, ஒரு மோலுக்கு 30.5 கிலோஜூல் கட்டற்ற ஆற்றல் (வேலைக்குப் பயன்படும் ஆற்றல்) கிடைக்கிறது என்பதை நீங்கள் மறுக்கிறீர்களா?

கரிமம்12 (8.59)
எண்ணை மறுக்கவில்லை, காரணத்தைத்தான் மறுக்கிறேன். அங்கேயும் ஒரு பிணைப்பு உடைவதற்குச் செலவாகிறது. நீருடன் சேர்ந்து உருவாகும் புதிய பிணைப்புகளும், பிரிந்த அயனிகளை நீர் சூழ்ந்து நிலைப்படுத்துவதும் அதைவிட அதிகமாகத் திருப்பித் தருகின்றன.

வடமராட்சி_வாசகன் (9.06)
இலங்கையில் படித்த எனக்கு இந்த இழை பாதிதான் விளங்கியது. நாங்கள் புறவெப்பத் தாக்கம், அகவெப்பத் தாக்கம் என்று படித்தோம். ஆற்றல் என்று நீங்கள் எழுதுவது எங்களுக்குச் சக்தி. வினை தொடங்கத் தேவையான கிளர்வு ஆற்றல் எங்களுக்கு ஏவற்சக்தி. வெப்பம் புறத்தே போகிறதா, அகத்தே வருகிறதா என்பது பெயரிலேயே தெரிவதால் எங்கள் சொல்லே தெளிவானது என்பது என் எண்ணம்.

அளவுப்பிரியன் (9.10)
உமிழ், கொள் என்பதும் அதையேதான் சொல்கிறது, ஐயா. இது போகட்டும், வாளியில் செய்திருந்தாலும் சூடு தெரிந்திருக்காது என்ற என் கணக்கு சரியானதே.

காளவாய்_பேரன் (9.18)
எல்லோரும் அம்மாவை மறந்துவிட்டோம். பெயின்ட் கடையில் பாரிஸ் சாந்து கிடைக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று கேளுங்கள். காகிதக் கோப்பையில் இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு நீர் விட்டுக் குழைத்து வையுங்கள். அது நீரை எடுத்துக்கொண்டு மறுபடி ஜிப்சமாக இறுகும்போது, கால் மணி நேரத்திற்குள் கோப்பையின் வெளிப்புறத்தில் கை வைத்தாலே இளஞ்சூடு தெரியும், வெப்பமானியே வேண்டாம். நாள்பட்டு ஈரம் கோத்த தூளை வாங்காதீர்கள். உங்கள் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போலவே அதுவும் தன் வெப்பத்தை முன்பே செலவழித்திருக்கும். சாந்துக்குள் கையைவிட மட்டும் அனுமதிக்க வேண்டாம். 2007 இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கை அச்செடுக்க வாளிச் சாந்தில் கைகளை வைத்து, அது இறுகிச் சூடேறியதால் விரல்களை இழந்தார்.

பத்தாம்வகுப்பு_அம்மா (மறுநாள் காலை 6.20)
தெருமுனைக் கடையை மூடும் நேரத்தில் போய் வாங்கி வந்தோம். நன்றாகச் சூடாகிறது, மகளுக்கு மகிழ்ச்சி. காகிதக் கோப்பை வீட்டில் இல்லாததால் மாமியாருடைய பித்தளைச் சொம்பில் குழைத்துவிட்டோம். இறுகிய கட்டியை வெளியே எடுக்க வழி உண்டா?