மிச்சமான ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா?

பாளையங்கோட்டையிலிருந்து:

மாமாவுக்குப் பல் பிடுங்கியபோது எழுதிக்கொடுத்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கில் பாதி அப்படியே கிடந்தது. வீக்கம் வற்றியதும் தானாகவே நிறுத்திவிட்டார். கூடவே குழந்தையின் சிரப் வேறு. தூளில் தண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகு ஒரு வாரம்தான் தாங்கும்; அதுவோ மாதக்கணக்கில் ஃபிரிட்ஜ் கதவில் நின்றது. எல்லாவற்றையும் பையில் போட்டு எங்கள் தெரு மெடிக்கலுக்குக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "என் கடைச் சரக்கு காலாவதியானா ஏஜென்சியில திருப்பி எடுத்துக்கிடுவாங்க. வீட்டுலருந்து வர்றதுக்குக் கணக்கு கிடையாதேம்மா" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூட்டம் குறைந்ததும் கூப்பிட்டு விவரம் சொன்னார். கக்கூஸில் கொட்டக் கூடாதாம். "சாக்கடை போய்ச் சேர்றது ஆத்துலதான். கொஞ்சம் கொஞ்சமா மருந்துலயே பழகுன கிருமிக்கு அப்புறம் அந்த மருந்து கேக்காது." பேசிக்கொண்டே கத்தரியால் அட்டையைக் குறுக்கே வெட்டினார், குப்பையில் பொறுக்கி யாரும் மறுபடி விற்றுவிடக் கூடாதென்று.

2016 திடக்கழிவு விதிகளில் காலாவதி மருந்து, வீட்டு அபாயக் கழிவுக் கணக்கில் வந்தது. மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். குப்பை வண்டி அக்காவிடம் அப்படியே கொடுத்தேன். வாங்கித் தனிச் சாக்கில் போட்டார். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

பேட்டையிலிருந்து:

2024 டிசம்பரில் நம்ம திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் லாரியில் திரும்ப அள்ளிப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே கேரளத்தில்தான் அடுத்த வருஷமே கோழிக்கோட்டில் ‘என்பிரவுட்’ என்று வீட்டில் மிஞ்சிய மருந்தைச் சேகரிக்கும் திட்டம் வந்தது. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது? கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் வாங்கி வைத்தாலும் எடுத்துப் போக ஆள் வர வேண்டுமே.

மேலப்பாளையத்திலிருந்து:

மிச்சம் விழுவதே கடையில்தான் மதினி. ஐந்து நாளைக்கு மூன்று வேளை என்றால் பதினைந்து மாத்திரை. பத்து பத்தாக இரண்டு அட்டையைத் தலையில் கட்டுவார்கள். நான் சீட்டைக் காட்டிப் பதினைந்தே கேட்பேன். "வெட்டினா மிச்சத்தை யார் வாங்குவா?" என்று ஒரு கடையில் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது இரண்டு தெரு தள்ளிப் போகிறேன், அங்கே எண்ணித் தருகிறார்கள். அட்டையின் பின்னால், டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுப்பதும் இல்லை. கேட்டவர்களுக்குக் கோபம்தான், என்ன செய்ய.