நேரே கம்பம் இருந்தும் அடிக்கத் தயங்கும் ஃபுட்டி வீரர்கள்: நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

ஜீலாங் ரசிகன்:

ஃபுட்டியில், அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பாலில், கோலிலிருந்து 35 மீட்டரில் ஒரு ஃபார்வர்டு (முன்வரிசை ஆட்டக்காரர்) மார்க் பிடிக்கிறார். இனி யாரும் அவரைத் தொட முடியாது. கையில் 30 விநாடி இருக்கிறது. எதிரே 6.4 மீட்டர் இடைவெளியில் இரண்டு நெட்டைக் கம்பங்கள். ஆனால் அவர் அதைப் பார்க்காமல் இடது பக்கம் பார்க்கிறார், வலது பக்கம் பார்க்கிறார், கடைசியில் தன்னைவிட மோசமான கோணத்தில் நிற்கும் சகாவிடம் கொதிக்கும் குழம்புச் சட்டியைக் கைமாற்றுவதுபோலப் பந்தைத் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல். பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி. சகா உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து வந்து, அதைத் தரையில் படாமல் பிடித்தால் அது மார்க். மார்க் பிடித்தாலோ ஃப்ரீ கிக் கிடைத்தாலோ நிதானமாகப் பின்னால் போய் ஓடிவந்து அடிக்கலாம், அதுதான் செட் ஷாட். நடுக் கம்பங்களுக்கு நடுவே போனால் கோல், 6 புள்ளி. அந்த நடுக் கம்பத்தில் பட்டாலோ, அதற்கும் பக்கத்துச் சின்னக் கம்பத்துக்கும் இடையே போனாலோ பிஹைண்ட், 1 புள்ளிதான், அதோடு பந்தும் எதிரணிக்குப் போய்விடும்.

என் காயம் 2008 இறுதி ஆட்டம். எம்.சி.ஜி.யில் (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஆண்டு லீக் சுற்றில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜீலாங் தோற்றிருந்தது. இறுதி ஆட்டத்தில் நாங்கள் 11 கோல், 23 பிஹைண்ட், மொத்தம் 89. ஹாதார்ன் 18 கோல், 7 பிஹைண்ட், 115. எங்களுக்கு 34 முறை புள்ளி வந்தது, அவர்களுக்கு 25 முறை, தோற்றது நாங்கள். இரண்டாவது குவார்ட்டரில் மட்டும் 1 கோல், 9 பிஹைண்ட். பாதி ஆட்டம் முடியும் சமயத்தில் கேமரன் மூனி, கம்பத்துக்கு நேரே, அவ்வளவு பக்கத்திலிருந்து அடித்தது கோலுக்குள் போகவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் கழுத்தில் இருந்த ஸ்கார்ஃபைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார், இன்னும் பாதி ஆட்டம் பாக்கி இருந்தது!

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள். இது பயமா, சோம்பலா, வேறு ஏதாவதா?

கொடி பிடிக்கும் அப்பா:

நான் எம்.சி.ஜி. கதை சொல்லப் போவதில்லை. மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் என் பையன் 12 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடுகிறான். இங்கே சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் பெற்றோரில் ஒருவர்தான் கோல் நடுவர். வெள்ளைக் கோட்டு, இரண்டு கொடி கொடுத்துக் கம்பத்துக்கு நடுவே நிறுத்திவிடுவார்கள். கோல் என்றால் இரண்டு கொடியையும் ஆட்ட வேண்டும், பிஹைண்ட் என்றால் ஒன்று. ஊரில் கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது, ஏனென்றால் அடிக்கிறவன் முகம் நேராகத் தெரியும். டிவியில் அது சரியாகத் தெரிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, புல்லெல்லாம் பனி. என் பையனே 20 மீட்டரில் மார்க் பிடித்தான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தவன் கண் முதலில் என் மேல் விழுந்தது, அப்புறம் என் தலைக்கு மேலே கம்பத்துக்கு, உடனே பக்கவாட்டில் போய்விட்டது. அந்தப் பார்வை பக்கவாட்டில் போன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் அடிக்கப் போவதில்லை. அதுபோலவே ஓடிவந்த பொடியன் ஒருவனுக்கு ஹேண்ட்பால் (கையால் குத்தித் தள்ளும் பாஸ்) கொடுத்தான். அந்தப் பொடியனை எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். நான் நடுவர், வாயைத் திறக்கக்கூடாது, கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டியில் வரும்போது கேட்டேன், ஏன்டா அடிக்கவில்லை என்று. "நான் பின்னால் நடக்க ஆரம்பிச்சா எல்லாரும் சத்தம் போடுறதை நிறுத்திடுறாங்கப்பா. அது பிடிக்கல" என்றான். ஓடிக்கொண்டே எத்தனையோ முறை அடித்துத் தவறவிட்டிருக்கிறான், அதைப் பற்றிக் கவலையே இல்லை. அதன் பிறகு கவனித்துப் பார்க்கிறேன், அவன் சொல்வது சரிதான். எங்கள் மைதானத்தில் செட் ஷாட் என்றால் வேலி ஓரத்தில் சாசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பாக்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

கால்வலிக்காரன்:

எல்லாம் சரி, ஆனால் ஜீலாங் அண்ணே, அந்த 2008 கணக்கைச் சொல்லும்போது முழுசாகச் சொல்ல வேண்டும். அந்த 23 பிஹைண்டில் 11, ஹாதார்ன் தடுப்பாட்டக்காரர்களே வேண்டுமென்று தங்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. 6 கொடுப்பதற்கு 1 கொடுத்தால் லாபம் என்ற கணக்கு. அது எல்லை மீறிப் போனதால்தான் அடுத்த ஆண்டே, வேண்டுமென்று தள்ளினால் ஃப்ரீ கிக் என்று விதியை மாற்றினார்கள். உங்கள் ஆட்கள் தவறவிட்டது உண்மை, ஆனால் 23-ம் அவர்கள் காலில் இல்லை.

நான் உள்ளூர் அமெச்சூர் லீக்கில் இரண்டாம் அணியில் ஆடுகிறேன். எப்போதும் எங்காவது வலிதான். பயம் என்று நீங்கள் சொல்வதில் பாதி வெறும் கணக்கு. 48 மீட்டரில், பக்கவாட்டுக் கோணத்தில், எதிர்க்காற்றில் அடித்தால் போகும் வாய்ப்பு குறைவு. தவறினால் எதிரணி கோல் சதுரத்திலிருந்து உதைத்து ஆட்டத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகும். நடுவே ஒருவன் தனியாக நின்றால் அவனுக்குக் கொடு என்றுதான் கோச் சொல்வார். நானும் கொடுப்பேன்.

இன்னொன்று, பயிற்சி. ஓடுவது, அமுக்குவது, பந்தைச் சுற்றுவது எல்லாம் முடிந்து வெளிச்சம் போகும் நேரத்தில் "சரி, ஆளுக்குக் கொஞ்சம் கோல் அடித்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். தொழில்முறை அணிகளிலும் தொடை, இடுப்புத் தசை கிழிந்துவிடும் என்று ஒருவன் வாரத்துக்கு எவ்வளவு உதைக்கலாம் என்பதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இருட்டும் வரை அடித்துக்கொண்டே இருந்த காலம் போய்விட்டது. மிட்ஃபீல்டர் ஒருவர் ஒரு ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். மூச்சு வாங்கிக்கொண்டே அடிக்கும் பயிற்சியை அவருக்கு யார் கொடுக்கிறார்கள்?

ஜீலாங் ரசிகன்:

48 மீட்டர் கதை வேறு தம்பி. நான் கேட்டது 35 மீட்டர், நேரே. அங்கே என்ன கணக்கு?

பெர்த்திலிருந்து:

கணக்கைத் தூக்கிப் போடுங்கள், 2018 இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? காலிங்வுட் முதல் ஐந்து கோலையும் அடித்துவிட்டது. அதற்குப் பிறகு கடைசிச் சில நிமிடம், எங்கள் பெர்த் அணி வெஸ்ட் கோஸ்ட் இன்னும் பின்னால். மெக்கவர்ன் பிடித்து, வார்டி பிடித்து, லியம் ரயன் பிடித்து, டோம் ஷீட் கைக்கு வந்தது. இடம் பௌண்டரிக் கோட்டை ஒட்டி. அங்கிருந்து பார்த்தால் கம்பங்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதே தெரியாது. ஷீட் யாரையும் தேடவில்லை. பின்னால் போனார், வந்தார், அடித்தார், உள்ளே. கடைசி ஸ்கோர் 79-74.

நான் அன்று இங்கே நண்பர் வீட்டுக் கூடத்தில் பத்திருபது பேரோடு பார்த்தேன். பந்து காலை விட்டுக் கிளம்பியதும் ஒரு மாமா "போச்சு" என்று சொல்லி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அந்தக் கோலை நேரலையில் பார்க்காத ஒரே ஆள் அவர்தான், இன்றைக்கும் கிண்டல் ஓடுகிறது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அவ்வளவு கடினமான இடத்திலிருந்து தவறினால் யாரும் திட்டப் போவதில்லை. நேரே 20 மீட்டரில் தவறினால் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். காலிங்வுட்டின் டிராவிஸ் க்ளோக் பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள், 50 மீட்டரிலிருந்து போட்டுவிடுவார், பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் தடுமாறுவார் என்று.

பின்னங்கால்:

ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2017-ல் பெண்கள் லீக் ஆரம்பித்த பிறகு எங்கள் பகுதியிலும் பெண்கள் அணி வந்தது, அதில் நான் கோலுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் ஆடுகிறேன். அடிக்கிற இடத்திலிருந்து சொல்கிறேன், உதைப்பது கஷ்டமே இல்லை. பந்தோடு பின்னால் நடப்பதுதான் கஷ்டம்.

மார்க் பிடித்த நொடியில் உடம்பு சூடாக இருக்கும், அப்படியே அடித்தால் போய்விடும். ஆனால் பின்னால் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், அதற்குள் யோசனை வந்துவிடும். காற்று எந்தப் பக்கம், பந்து ஈரமாக இருக்கிறதே, போன வாரம் இதே இடத்தில் என்ன ஆச்சு. நான் மார்க் பிடித்த இடத்தில் எதிரே நிற்கிற எதிரணிக்காரி அசையக்கூடாது என்று 2021-ல் விதி வந்துவிட்டது, வாயை மூடச் சொல்லி விதி இல்லையே! ஒருத்தி ஆட்டம் முழுக்க என் காலணி நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தக் கை. டிராப் பன்ட், அதாவது நேராக அடிக்கும் வழக்கமான உதை, காலை விடக் கையில்தான் இருக்கிறது. பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, நுனி கீழே பார்த்தபடி அப்படியே விட வேண்டும், அப்போதுதான் பின்பக்கமாகச் சுழன்று நேராகப் போகும். விரல் கொஞ்சம் இறுகினாலும் பந்து சாய்ந்து விழும், சாய்ந்து விழுந்த பந்தை எந்தக் காலாலும் நேராக்க முடியாது. பயம் வந்தால் முதலில் இறுகுவது விரல்தான்.

அதனால்தான் இப்போது பலர் செட் ஷாட்டையே ஸ்னாப்பாக அடிக்கிறார்கள், உடம்பைச் சுற்றி வளைத்து. ஜீலாங்கின் ஸ்டீவ் ஜான்சன் அதில் மன்னன். அது தவறினால் வர்ணனையாளர்கள் "ஒழுங்காக நேரே அடித்திருக்கலாமே" என்று புலம்புவார்கள். நானும் பக்கக் கோணத்தில் ஸ்னாப்தான். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடிப்பதுபோல இருக்கும், யோசிக்க இடமே இருக்காது. இதைப் பயம் என்றால் சரி, பயம்தான், ஆனால் கோல் விழுகிறது.

சிட்னிப் பழசு:

பின்னங்கால் சொன்ன நடை பற்றி. 1996 அரையிறுதி போன்ற பிரிலிமினரி ஃபைனல், எஸ்.சி.ஜி. (சிட்னி கிரிக்கெட் மைதானம்), சிட்னியும் எஸன்டனும் 69-69. டோனி லாக்கெட் 50 மீட்டருக்கும் வெளியே மார்க் பிடிக்கிறார், இடுப்புத் தசைக் காயத்தோடு. ஆட்ட நேரம் முடிந்து சைரன் அடித்துவிட்டது. கோல்கூட வேண்டாம், ஒரு பிஹைண்ட் போதும். அவர் அடித்தது பிஹைண்ட்தான், 70-69, மைதானமே இறங்கி ஓடியது. லீக் வரலாற்றில் அதிகமாக 1,360 கோல் அடித்தவரைப் பற்றிப் பேசினால் சிட்னிக்காரர்கள் முதலில் சொல்வது அந்த 1 புள்ளியைத்தான்.

2022 மார்ச் 25 அன்று அதே மைதானத்தில் லான்ஸ் ஃப்ராங்க்ளின் ஆயிரமாவது கோலை அடித்தபோது நான் என் பேத்தியோடு இருந்தேன். அதுவும் செட் ஷாட். அவர் எப்போதும்போல நேர்க்கோட்டில் வராமல் இடது பக்கமாக வளைந்து ஓடி வந்து அடித்தார். சின்ன வயதிலிருந்தே அவர் ஓட்டம் அப்படித்தான், அதை யாரும் நேராக்கவில்லை. கூட்டம் உள்ளே இறங்கி ஆட்டம் அரை மணி நேரம் நின்றது. பேத்தியும் இறங்குவேன் என்று அடம்பிடித்தாள், கையைப் பிடித்து இழுத்து வைத்தேன்.

எஸன்டனின் மத்யூ லாயிட் ஒவ்வொரு முறையும் புல்லைப் பிய்த்து மேலே எறிந்து காற்று பார்ப்பார், கூரை மூடிய அரங்கத்துக்குள்கூட! நான் அதைக் கேலி செய்த ஆள். பின்னங்கால் எழுதியதைப் படித்த பிறகு தோன்றுகிறது, காற்றுக்காக இருக்காது, கைக்கும் மனசுக்கும் ஒரு வேலை வேண்டும் என்று இருக்கும்.

கொடி பிடிக்கும் அப்பா:

எங்கள் கோச் இந்த சீசனில் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார். 25 மீட்டருக்குள் மார்க் பிடித்தால் ஹேண்ட்பால் கொடுக்கக் கூடாது, அடித்தே ஆக வேண்டும், தவறினால் யாரும் "பரவாயில்லை" என்றுகூடச் சொல்லக் கூடாது. அந்தக் கடைசிப் பகுதிதான் அம்மாக்களுக்குப் பிடிக்கவில்லை, வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடக்கிறது. பையன் இப்போது அடிக்கிறான். பெரும்பாலும் ஒரு கொடிதான் ஆட்டுகிறேன். பின்னங்கால் அவர்களே, பந்தை விடும் கை பற்றி எழுதினீர்களே, இடது கையை எப்போது எடுக்க வேண்டும்? அவன் கடைசி வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வருகிறான்.

பின்னங்கால்:

வலது காலால் அடிக்கிறவன் என்றால் இடது கையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், பந்தை வலது கை மட்டும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து விடட்டும். ஓடாமல், நின்ற இடத்தில், பத்து மீட்டரில் ஆரம்பியுங்கள். கம்பம் வேண்டாம், நீங்கள் எதிரே நின்று பிடித்தால் போதும். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு.