மாடல் விமான டீக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டுற படம்) நொறுங்குது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, கும்பகோணத்திலிருந்து எழுதுறேன். 1/32 அளவு விமான மாடல் சேர்க்கிறேன். போர் விமானம் எல்லார்கிட்டயும் இருக்கு. எனக்குப் பந்தய விமானம்தான் பைத்தியம். இப்போ மேசையில் இருக்கிறது 1932-ல் விமானி ஜிம்மி டூலிட்டில் தாம்சன் கோப்பை விமானப் பந்தயத்துல ஓட்டி ஜெயிச்ச ஜீ பீ ஆர்-1. நிஜத்துல இறக்கை 25 அடி, மாடல்ல ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல. பீப்பாய்க்கு இறக்கை முளைச்ச மாதிரி இருக்கும்!

பழைய கிட். ஐப்பசி ஈரத்துல டீக்கால் தாள் மஞ்சள் பூத்துடுச்சு. ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வெயில் காட்டினதுல மஞ்சள் குறைஞ்சது. ஆனா ஓரத் துண்டு ஒண்ணைத் தண்ணியில போட்டதும் அப்பளமா நொறுங்கிடுச்சு. மிச்சத்துக்கு கிளியர் வார்னிஷ் அடிச்சா தாங்குமா? புதுசா அச்சடிக்கணும்னா வெள்ளை மை போடுற பிரிண்டர் வேணும். தஞ்சாவூர், திருச்சி பக்கம் யார்கிட்டயாவது இருக்கா?

அப்படியே, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்தோட மாடல், இதே அளவுல எங்கேயாவது பார்த்தா சொல்லுங்க.