இறக்கை வெட்டியும் வேலி தாண்டும் கோழி

பர்மாவில் பெகு ஊர்ல எங்க கொல்லையில் 4 நாட்டுப் பெட்டைக் கோழிகள். கறுப்பி மட்டும் 5 அடி மூங்கில் வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பாட்டியின் புளிச்சக்கீரைப் பாத்தியில் இறங்குது. பாட்டி சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க. ஆனா தினமும் சொல்றாங்க.

கறுப்பிக்கு வயசு ஒன்றரை. 3 வாரம் முன்னாடி வலது இறக்கையில் நுனிப்பக்கம் 6 பெரிய இறகுகளை வெட்டினேன். 2 நாள் அடங்குச்சு. அப்புறம் இடதையும் வெட்டினேன், அதுதான் முட்டாள்தனம்: ரெண்டு பக்கமும் சமமாகி நேரா ஏறுது. வேலிமேல் கட்டின மீன்வலை மழைக்காத்துல கிழிஞ்சு போச்சு.

இப்போ இறகு உதிர்க்குது. வலதுல வெட்டின தண்டு 2 விழுந்து, புதுசு ரத்தம் ஓடுற நீலத் தண்டோட முளைக்குது. ஒண்ணுல கத்தரி பட்டு ரத்தம் கொட்டி, மஞ்சள்தூள் வச்சு அழுத்தினேன்.

வலதுல இன்னும் வெட்டாத மீதி 4 முதிர்ந்த பெரிய இறகுகளை மட்டும் இப்பவே வெட்டலாமா, புதுசு முழுசா வளர்ற வரைக்கும் அடைச்சே வைக்கணுமா?