அம்மா தனியாக வருகிறார், நடுவில் விமானம் மாற வேண்டும்: வீல்சேர் கேட்கலாமா?

மலர்விழி:
வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. முதல் முறையாக விமானம் ஏறுகிறார், அதுவும் தனியாக. நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். இடைவெளி 1 மணி 50 நிமிடம். தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. மூட்டு வலி உண்டு, ஆனாலும் மெதுவாக நடப்பார், படியும் ஏறுவார். வீல்சேர் சொல்லட்டுமா என்றால், "நல்லா நடக்கிறவளுக்கு எதுக்கு வண்டி?" என்கிறார். நடக்க முடிந்தவர்களுக்குக் கேட்பது சரியா? நேரம் போதுமா?

ராகவன்:
மலர், தாராளமாகக் கேளுங்கள். விமான நிலையத் தரைப்பணியில் பல வருடம் இருந்தவன், அதனால் சொல்கிறேன். அம்மா மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது: டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏறுவார், விமானத்துக்குள் தன் சீட் வரை நடப்பார், நெடுந்தூரம் மட்டும் முடியாது என்று அர்த்தம். கடைசி எழுத்து எஸ் என்றால் படி ஏற முடியாதவர். சி என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவர். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சி போட்டுவிடாதீர்கள். உள்ளே கொண்டுபோகும் குறுகலான நாற்காலியும் கூடுதல் ஆளும் அம்மாவுக்காக வந்து நிற்கும், உண்மையிலேயே தேவைப்படுபவர் காத்துக் கிடப்பார்.

கேட்க வேண்டியது விமான நிறுவனத்திடம், குறைந்தது 48 மணி நேரம் முன்பு. இரண்டாவது விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால் அங்கேயும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். வீல்சேர் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள். அடுத்த விமானத்தின் கேட், புறப்படும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். நடுவில் செக்யூரிட்டி வேறு. இரண்டும் ஒரே பி.என்.ஆர். (ஒரே முன்பதிவு எண்) என்றால் போங்கள், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இந்த இடைவெளி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஓர் ஆள் அம்மாவை விமான வாசலில் இருந்து தள்ளிக்கொண்டு வந்து, வீல்சேர்காரர்கள் காத்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த கட்டத்துக்கு வேறு ஆள் வருவார். நடுவில் அரை மணி நேரம்கூட யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்கலாம். முதல் முறை வருபவர்கள் இங்கேதான் பயந்துபோய் எழுந்து நடக்க ஆரம்பிப்பார்கள். ஆள் வந்து பார்த்தால் நாற்காலி காலி! பாவம், அவர்கள் வேறெங்கோ அலைந்துகொண்டிருப்பார்கள். எழுந்து போகாமல், பக்கத்துக் கவுண்டரில் இருப்பவரைக் கூப்பிட்டு போர்டிங் பாஸை நீட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் தள்ளிக்கொண்டு போகும்போதே சைகை காட்டிவிட வேண்டும்.

ஓர் அரைத்தாளில் இதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்: "எனக்குத் தமிழ் மட்டும் தெரியும். இந்த விமானத்துக்குப் போக வேண்டும். பாத்ரூம் போக வேண்டும்." கூடவே விமான எண், உங்கள் ஃபோன் நம்பர்.

ஷாஹுல்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. மாத்திரை முழுவதும் கைப்பையில் இருக்கட்டும், டாக்டர் சீட்டோடு. பவர் பேங்க் இருந்தால் அதுவும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

தேன்மொழி:
மலர், அம்மாவைக் கூட்டிவரப் போகும் நீங்களும் டெர்மினலைப் பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு லண்டன் ஹீத்ரோவில் 2, 3 டெர்மினல்களுக்கு ஒரே ரயில் நிலையம், 4-க்கும் 5-க்கும் தனித்தனி. மாறி இறங்கினால் நீங்கள் வந்து சேர்வதற்குள் அம்மா வெளியே வந்து தேடிக்கொண்டிருப்பார். டிக்கெட்டில் இருப்பதை நம்பி விட்டுவிடாமல் அன்று காலையில் மறுபடி பாருங்கள், மாற்றுவதுண்டு.

மலர்விழி:
எல்லோருக்கும் நன்றி. ஒரே பி.என்.ஆர்.தான். ஃபோன் செய்து ஆர் வகையில் பதிந்துவிட்டேன். அம்மாவும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். பெட்டியை நடுவில் எடுக்க வேண்டியிருக்குமா?

ராகவன்:
ஒரே பி.என்.ஆர். என்றால் பொதுவாக நேராகக் கடைசி ஊருக்கே வந்துவிடும். ஆனால் அமெரிக்கா வழியாக வந்தால், பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். செக்-இன்னில் பெட்டிக்கு ஒட்டும் டேகில் மூன்றெழுத்துக் குறியீடு பெரிதாக இருக்கும். அது நீங்கள் இருக்கும் ஊருடையதா என்று வழியனுப்ப வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தரும் ரசீதுத் துண்டை ஃபோட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.