எட்டு மணி நியூஸும் அம்மாவின்ர குளிசையும் – உங்கட வீட்டு ரீவிக் கதையையும் சொல்லுங்கோ

ஏழாம் மாடி, வெள்ளவத்தை:

அம்மாவுக்கு 74 வயசு. இரவில ஒரு பிரஷர் குளிசை. பதினைஞ்சு வருசமா அவ அதை மணிக்கூடு பாத்துப் போட்டதில்லை. எட்டு மணித் தமிழ் நியூஸ் துவங்கேக்க ஒரு மியூசிக் போகும், அந்த மியூசிக்குக்குத்தான் குளிசை. தலைப்புச் செய்தி முடியிறதுக்குள்ள தண்ணியும் குடிச்சு முடிச்சிருவா. நியூஸ் முடிய இடியப்பம், இடியப்பம் முடிய நாடகம், நாடகம் முடிய படுக்கை. இதை ஒருத்தரும் திட்டம் போட்டுச் செய்யேல்லை, அதுவா அமைஞ்சது.

போன வருசம் நான் பைபர் இன்டர்நெட் எடுத்து, பெரிய ரீவி ஒண்டு பூட்டி, தம்பி பாவிச்ச போனையும் அம்மாட்டக் குடுத்தன். நல்லதெண்டு நினைச்சுத்தான். ஒரு மாசத்தில யூடியூப்பில நாடகம் தேடப் பழகியிட்டா. எழுதி இல்லை, மைக்கை அமத்திக் கதைச்சு. பின்னேரம் நாலு மணிக்கும் நாடகம், விடிய அஞ்சு மணிக்கும் நாடகம். நியூஸ் என்னாச்சு எண்டு கேட்டன். "அது எப்ப வேணுமெண்டாலும் பாக்கலாம்தானே" எண்டா.

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிரஷர் ஏறி நிக்குது. டொக்டர் மருந்தைக் கூட்டி எழுதினார். வீட்ட வந்து குளிசைக் கார்டுகளை எண்ணினன். மாசத்துக்கு 30 வேணும், அதில 13 அப்பிடியே கிடக்கு. மறதி எண்டு பயந்திட்டன். மறதி இல்லை. "நியூஸ் பாக்கேக்க போடுவம் எண்டு இருந்தனான்" எண்டு சாதாரணமாச் சொன்னா.

உங்கட வீடுகளில என்ன நடக்குது? நல்லதோ கெட்டதோ எண்டு தீர்ப்பு வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைப் பழசு:

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில ஒரு தோட்டத்தில. தேயிலைத் தோட்டம் இல்லை, கொழும்பு ஆக்கள் தோட்டம் எண்டு சொல்லுற வரிசை வீடுகள். பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். 1982 பெப்ரவரியில ரூபவாஹினி துவங்கினபோது எங்கட வரிசையில டீவி இருந்தது ஒரே ஒரு வீட்டில. துறைமுகத்தில வேலை செய்த சிங்களக் குடும்பம். சின்னப் பிள்ளைகள் நாங்க சீமெந்து நிலத்தில, பெரியவங்க வாங்கில, பிந்தி வந்தவங்க வெளியில நிண்டு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு. ஜப்பான் நாடகம் 'ஓஷின்' சிங்களத்தில போகும். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில பாதி அந்த நிலத்தில இருந்து படிச்சது. எங்கட அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனா அழ வேண்டிய இடத்தில எல்லாருக்கும் முந்தி அழுவா.

1996 மார்ச் 17, லாகூரில உலகக் கிண்ணக் கிரிக்கெட் பைனல். அந்த வீட்டுக்காரர் டீவியைத் தூக்கி ஜன்னலில வச்சு வெளிப்பக்கம் திருப்பி விட்டார். அரவிந்த சதம் அடிச்சபோது பக்கத்தில நிண்டது யார் எவர் எண்டு பார்க்காம கட்டிப் பிடிச்சோம். அண்டைக்கு கட்டிப் பிடிச்ச ஒருத்தரோட எனக்கு அதுக்கு முதல் ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. (அதுக்குப் பிறகும் இல்லை, அது வேற கதை.)

இப்ப அதே வரிசையில வீட்டுக்கு வீடு டீவி. 2022 செப்டெம்பர் 11, ஆசியக் கிண்ண பைனல், பாகிஸ்தானோட. நான் பேரன்ட போனில பார்க்கிறேன். பதினேழாவது ஓவர், ஹசரங்க கையில பந்து, ஓடி வரத் துவங்கவே இல்லை, பக்கத்து வீட்டில "ஓஓ" எண்டு சத்தம். அவங்க அன்டெனா. கொஞ்சம் பிந்தி எதிர் வீட்டில சத்தம். அவங்க கேபிள் மாதிரி ஏதோ. எல்லாரும் கத்தி முடிஞ்சு, வெடியும் கொளுத்தி முடிஞ்ச பிறகு என்ட போனில ரிஸ்வான் அவுட். அந்த ஓவரில மூணு விக்கெட், மூண்டும் எனக்கு முந்தியே தெரியும். பேரன் விளங்கப்படுத்தினான்: அன்டெனாவுக்கு நேரா வந்துவிடுமாம். போனுக்கு வாறதைத் துண்டு துண்டா வெட்டி அனுப்பி, இடையில நிக்காம ஓட கொஞ்சம் சேர்த்து வச்சிட்டுத்தான் காட்டுமாம். அந்தச் சேர்த்து வைக்கிற அரை நிமிஷத்தில என்ட சந்தோஷத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் அனுபவிச்சிடுறான்.

மட்டக்குளி மழை:

எங்கட அப்பா இன்னும் அன்டெனாதான். காத்தடிச்சா கூரையில ஏற ஆள் வேணும், அந்த ஆள் நான்.

சீனி டின்:

எல்லாரும் அந்தக் காலத்தை நினைச்சு உருகுறீங்க. நான் உருக மாட்டேன்.

பம்பலப்பிட்டியில எங்கட வீட்டில ரிமோட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. அப்பா, அண்ணா, மச்சான் வந்தா மச்சான். அம்மாவும் நானும் அந்த வரிசையிலேயே இல்லை. அப்பாவுக்கும் நாடகம் பிடிக்கும், அதால நாடகம் ஓடும். ஆனா ஓடுற நேரம் ரொட்டி சுடுற நேரம். நாலு வருஷம் ஓடின ஒரு நாடகத்தை நான் குசினிக்குள்ள இருந்து காதாலதான் கேட்டேன். யார் நல்லவ, யார் நஞ்சு வைக்கிறவ எண்டு குரலை வச்சு எல்லாம் தெரியும். மனசுக்குள்ள எல்லாருக்கும் முகமும் குடுத்திருந்தேன். கல்யாணம் முடிச்சுப் போன பிறகு ஒரு நாள் யூடியூப்பில அதே நாடகம் கிடைச்சது. அந்தக் கம்பீரக் குரல் மாமனார் ஒரு ஒல்லி மனுசன்! நம்பவே முடியவில்லை. ரெண்டு எபிசோடோட நிப்பாட்டிட்டேன், நான் கேட்ட நாடகம் அதைவிட நல்லா இருந்தது.

2016இல நெட்ஃபிளிக்ஸ் இலங்கைக்கும் வந்திட்டுது எண்டு அண்ணா பெரிய ஆர்ப்பாட்டம் பண்ணினார். எனக்குத் தேவைப்பட்டது ஒரு போனும் அதைச் சாய்ச்சு வைக்க ஒரு சீனி டின்னும்தான். இப்ப வெங்காயம் வெட்டிக்கொண்டே பாக்கிறேன். யாரும் சேனல் மாத்த மாட்டாங்க. தனியாப் பாக்கிறது கவலையாம். குடும்பத்தோட இருந்து தனியாக் கேட்டுப் பாருங்க, அப்ப தெரியும்.

ஏழாம் மாடி, வெள்ளவத்தை:

சீனி டின், உங்கட கதையை அம்மாவுக்கு வாசிச்சன். "ஓம், அடுப்படியில சத்தத்தைக் கூட்டி விடச் சொல்லிக் கத்துறதுதான் எங்கட ரிமோட்" எண்டா. எனக்கு இது ஒருநாளும் தெரியாது.

புறக்கோட்டை ரிப்பேர்:

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். நான் பதினெட்டு வருஷமா டீவி ரிப்பேர் கடையில வேலை. ஆரம்பத்துல வர்றது எல்லாம் குண்டு டீவி, படக் குழாய்க்குக் கரண்டை ஏத்திக் குடுக்கிற ஃப்ளைபேக் போயிருக்கும். இப்ப தட்டை டீவியில பேனலுக்குப் பின்னால இருக்கிற எல்இடி பட்டி எரிஞ்சிடும். சத்தம் வரும், படம் இருக்காது. ஆனா அதைவிட அதிகமா வர்றது பழுதே இல்லாத டீவி. "தம்பி, இதுல யூடியூப் திறக்க மாட்டேங்குது"ன்னு தூக்கிட்டு வருவாங்க. ஆறேழு வருஷம் ஆன டீவியா இருக்கும், கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்கிறதை நிறுத்தியிருப்பான். பின்னால யூடியூப் ஓட்டுற ஸ்டிக் ஒண்ணு குத்தினா சரியாப் போயிரும். குண்டு டீவின்னா ஸ்டிக் குத்த எடமே இல்ல, மஞ்ச செவப்பு வெள்ளை வயர் மட்டுந்தான். நடுவுல ஒரு கன்வர்ட்டர் பொட்டி போட்டுக் குடுப்பேன். அப்படி மாட்டி இன்னும் ஓடுற டீவி கிராண்ட்பாஸ் பக்கம் நெறைய இருக்கு.

போன தீபாவளிக்கு முந்தி ஜிந்துப்பிட்டியில இருந்து ஒரு அம்மா வந்தாங்க. முந்தானையில ரிமோட்டை முடிஞ்சு கொண்டு வந்திருக்காங்க. மகன் புது டீவி வாங்கிக் குடுத்திருக்கான். "இதுல நம்பரைக் காணோம் தம்பி"ன்னாங்க. பார்த்தா பத்துப் பன்னண்டு பட்டன்தான், மத்ததெல்லாம் திரையில எழுத்தாத்தான் வரும். அந்த அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா டிஷ்ஷுல எந்தச் சேனல் எந்த நம்பர்னு நாப்பது சேனல் மனப்பாடமா சொன்னாங்க, நான் டெஸ்ட் வச்சுப் பார்த்தேன். டீவி மாத்தினதும் மகன் டிஷ்ஷையும் கழட்டிட்டானாம்.

மகனுக்கு போன் பண்ணி டிஷ் பொட்டியைத் திரும்பவும் மாட்டச் சொன்னேன். கடைப் பொட்டியில தேடி அதுக்குச் சரியாகிற பழைய ரிமோட் ஒண்ணு எடுத்தேன். பாதி நம்பர் தேய்ஞ்சு போயிருந்தது. வேற பார்க்கலாம்மான்னேன். "பரவால்ல, எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்"னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. 350 ரூபா எடுத்தேன், சும்மா குடுத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

தெமட்டகொடை:

எங்கட உம்மாக்கு துருக்கி நாடகம். நோன்பு காலத்தில தராவீஹ் தொழுகை முடிஞ்சு ஒரு எபிசோட். தமிழ் சப்டைட்டில் பொடி எழுத்து, உம்மாக்கு வாசிக்க ஏலா. மகள்தான் பக்கத்தில இருந்து வாசிச்சுக் குடுக்கணும். மகள் இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பா. வாள் சண்டை முடிஞ்சு தலை உருண்ட பிறகுதான் "உன்னை... வெட்டு... வேன்" எண்டு வாசிச்சு முடிப்பா. இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு, கடகட எண்டு வாசிக்கிறா. உம்மாக்கு இப்ப புதுச் சந்தேகம், இவள் உள்ளதை வாசிக்கிறாளா, இல்ல சொந்தமாக் கட்டி விடுறாளா எண்டு.

செக்கட்டித்தெரு:

2019 பிக்பாஸ் மூன்றாவது சீசனில லொஸ்லியா போனது ஞாபகம் இருக்கா? சக்தி டீவியில அவங்க நியூஸ் வாசிச்ச காலத்தில எங்க வீட்டில ஒருத்தருக்கும் அவங்க பேர் தெரியாது. சென்னைக்குப் போன பிறகு அப்பா "நம்ம பிள்ளை" எண்டு ஒரு நாள் விடாமப் பார்த்தார். எங்களுக்கு அப்ப நைட் டேட்டா, இரவு பன்னிரண்டில இருந்து காலை ஏழு வரைக்கும்தான் தாராளம். தம்பி அலாரம் வச்சு எழும்பி டவுன்லோட் போடுவான், காலையில பாணும் சம்பலும் பிக்பாஸும். அந்த நேரத்துக்குள்ள யாராவது வெளியேறினது யார் எண்டு உளறினா அண்டைக்கு வீட்டில சண்டை. 2023இல யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சரிகமப பாட்டுப் போட்டியில ஜெயிச்சபோதும் இதே கூத்து. அப்ப டேட்டா தாராளமா இருந்தது, ஆனா அப்பா காலையிலதான் பார்ப்பேன் எண்டு பிடிவாதம்.

தெஹிவளைத் தங்கச்சி:

பிந்தி வாறன், இதை எழுதுறதா விடுறதா எண்டு ரெண்டு நாள் யோசிச்சன்.

யாழ்ப்பாணத்தில 90களில எங்களுக்குக் கரண்ட் இல்லை. படம் பாக்கிறதெண்டா ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூண்டையும் வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் காசு சேத்து, முத்தத்தில விடிய விடிய மூண்டு படம். நானும் அக்காவும் ஒரு பாயில. மூண்டாவது படத்தில அக்கா நித்திரையாயிடுவா. விடிய நான்தான் அவவுக்கு முடிவு சொல்ல வேணும். சில நாள் எனக்கும் நித்திரை வந்திடும், நானே ஒரு முடிவு செய்து சொல்லியிருக்கிறன். இண்டைக்கு வரைக்கும் அது அவவுக்குத் தெரியாது.

அக்கா இப்ப ரொறன்ரோவில. கனகாலம் அவ காசு கட்டின நெட்ஃபிளிக்ஸ் கணக்கிலதான் நானும் பாத்தன். வேற வேற பெயர் போடப் பஞ்சியில ரெண்டு பேரும் ஒரே பெயருக்குள்ள. பாதியில விட்ட நாடகங்கள் ஒரு வரிசையா நிக்கும்தானே, அதில நான் தொடாததும் நகரும். எனக்கு மத்தியானம் ஒண்டரை எண்டால் பனிக்காலத்தில அவவுக்கு விடிய மூண்டு மணி. ஒரு கிழமையா மத்தியானம் பாக்கிற நேரமெல்லாம் அந்த வரிசை நகர்ந்துகொண்டே இருக்கு. எடுத்துக் கேட்டன், "ஏன் நித்திரை கொள்ளேல்லை?" முதலில மழுப்பினா. பிறகு அழுதா. அத்தானுக்கு வேலை போய் ரெண்டு மாசமாம், ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்.

2023இல ஒரு வீட்டு ஆக்கள் மட்டும்தான் ஒரு கணக்கில பாக்கலாம் எண்டு நெட்ஃபிளிக்ஸ் அங்க சட்டம் போட்டுது. அக்கா மேல்காசு கட்டுறன் எண்டா, நான் விடேல்லை. இஞ்ச எனக்கெண்டு ஒரு கணக்குத் திறந்தன். இப்ப அந்த வரிசையில நான் விட்ட இடத்திலதான் எல்லாம் நிக்குது. அக்காவைக் கேட்டால் "நல்லா நித்திரை கொள்ளுறன்" எண்டுறா.

ஏழாம் மாடி, வெள்ளவத்தை:

எல்லாருக்கும் நன்றி. அலாரம் வைக்கச் சொல்லி இன்பொக்ஸில எழுதின ஆக்களுக்கு: வச்சுப் பாத்தன். அலாரம் அடிக்க அம்மா அதை நிப்பாட்டிப்போட்டு நாடகத்தைத் தொடருறா. கொட்டாஞ்சேனை ஐயாவின்ர பக்கத்து வீடு மாதிரி அன்டெனா பூட்டுவம் எண்டால் எங்கட மாடிக் கொமிட்டி விடாது.

கடைசியில வழி கண்டுபிடிச்சது அம்மாதான். வவுனியாவில சின்னம்மா இன்னும் பழைய ரீவி, பழைய நேரம். எட்டு மணிக்கு அந்த மியூசிக் போக, சின்னம்மா இஞ்ச ஒரு கோல் எடுப்பா. "அக்கா, நியூஸ் துவங்கியிட்டுது." அம்மா குளிசையைப் போட்டிட்டு, "என்னவாம்?" எண்டு கேப்பா. சின்னம்மா தலைப்புச் செய்தியைச் சொல்லுவா, அதுக்குமேல ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் கதைப்பினம். ஒரு மாசமா ஒரு குளிசையும் மிச்சம் இல்லை.

நேற்று எட்டேகால் ஆகியும் கோல் வரேல்லை. அம்மா தண்ணிக் கோப்பையோட கதிரையில இருக்கிறா. நான் குளிசையைப் போடுங்கோ எண்டன், கேக்கேல்லை. எட்டரைக்கு அவவே எடுத்தா. வவுனியாவில கரண்ட் இல்லையாம்.

"அப்ப இண்டைக்கு நியூஸ் இல்லையோ?" எண்டு கேட்டா அம்மா.