உதவி: டுரான்டா உருண்டை உள்ளே மொட்டை, குச்சியை அவிழ்த்தால் சாய்கிறது

புதுச்செடி:
தொட்டியில் மஞ்சள் டுரான்டாவை ஒற்றைத் தண்டாக விட்டு, உச்சியில் மட்டும் உருண்டையாக வெட்டி வளர்க்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கையால் விலக்கினால் உள்ளே வெறும் குச்சிதான், ஒரு இலை இல்லை. சுவர்ப் பக்கம் இலையே குறைவு, இருப்பதும் கரும்பச்சை. வெளிப்பக்கம் மட்டும் பளிச்சென்று மஞ்சள். தாங்குகுச்சியை அவிழ்த்தால் தலைக் கனத்தில் தண்டு அப்படியே வளைகிறது. வாராவாரம் கத்தரியால் மேலே சீவி விடுகிறேன். உரம் கூட்டவா, இல்லை கம்பிக்கூடு மாட்டவா?

மண்புழு:
உரம் வேண்டாம். நிறமே பதில் சொல்லிவிட்டது. இந்த வகைக்கு வெயில் குறைந்தால் மஞ்சள் போய்ப் பச்சையாகிவிடும், கிளையும் அடர்த்தி குறையும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள்.

கத்தரிக்கோல்:
மண்புழு சொன்னது சரி, ஆனால் உள்ளே மொட்டையாக இருப்பதற்குக் காரணம் நீங்கள் வெட்டும் விதம். ஒவ்வொரு தடவையும் மேல்தோலை மட்டும் சீவினால் நுனிகளில் மட்டும் புதுத்துளிர் வந்து அடைத்துக்கொள்ளும், வெளிச்சம் உள்ளே போகாது, உள்ளே இருக்கும் இலை பழுத்துக் கொட்டும். உருண்டையில் அங்கங்கே நெருக்கமான கிளையாகப் பார்த்து, கையை உள்ளே விட்டு, பாதி நீளத்துக்கு ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பார்க்க ஓட்டை ஓட்டையாக இருக்கும், இருக்கட்டும். கிளை நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் கீழே இருக்கும் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது, நுனி போனால் அவை கிளம்பும். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். டுரான்டா பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும் செடி, அதனால் தைரியமாக வெட்டலாம்; இதே வேலையை ரோஸ்மேரியில் செய்தால் இலையில்லாத கட்டை பெரும்பாலும் அப்படியே காய்ந்துபோகும்.

கம்பிக்கூடு ஐவி மாதிரிக் கொடிகளுக்குத்தான் சரி. இதற்கு எதற்கு?

மண்புழு:
அப்புறம் அந்தத் தண்டு. எதை வைத்துக் கட்டியிருக்கிறீர்கள்? தண்டில் இலை எதுவும் விட்டிருக்கிறீர்களா?

புதுச்செடி:
பிளாஸ்டிக் கயிறு, நான்கு இடத்தில் இறுக்கமாக. இப்போது பார்த்தால் ஒரு இடத்தில் கயிறு பட்டையில் பதிந்து, அதற்கு மேலே தண்டு புடைத்திருக்கிறது. தண்டில் துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுவேன், சுத்தமாக இருக்கட்டும் என்று.

மண்புழு:
அந்தக் கயிற்றை இன்றே அறுத்துவிடுங்கள். இலையில் செய்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், கட்டு நெரித்தால் அங்கேயே தேங்கிவிடும், புடைப்பு அதனால்தான். பட்டையில் ஒட்டிய இழையைப் பிய்க்காதீர்கள், வெட்டி மெதுவாக எடுங்கள். பிறகு துணிக்கீற்றால் குச்சியையும் தண்டையும் சுற்றி 8 வடிவில் தளர்வாக, உருண்டைக்குக் கீழே ஒரே ஒரு கட்டு. காற்றில் கொஞ்சம் அசைந்தால்தான் தண்டு தடிக்கும். கல்போல் அசையாமல் நின்றால் உயரும், பருக்காது. தண்டில் வரும் துளிரையும் இரண்டு மூன்று இலையோடு விட்டு நுனியை மட்டும் கிள்ளுங்கள், அந்த இலைகள்தான் அந்த இடத்தைப் பருக்க வைக்கும். தானாக நிற்க ஆரம்பித்த பிறகு வழித்துக்கொள்ளலாம்.

கத்தரிக்கோல்:
தண்டு தடிக்கும் வரை தலையையும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள், பார்த்தால் ஒரு அளவு பெரிய தொட்டி. ஆனால் கவாத்தும் தொட்டி மாற்றமும் ஒரே வாரத்தில் வேண்டாம், முதலில் துளிர் வரட்டும்.

புதுச்செடி:
சரி, கயிற்றை அறுத்துவிட்டேன். இப்படி வெட்டினால் பூ வருமா?

கத்தரிக்கோல்:
உருண்டை வேண்டுமென்றால் பூவை மறந்துவிடுங்கள். புதுக்கிளை நுனியில்தான் பூக்கும், அதைத்தானே வெட்டுகிறோம். காய்க்காமல் இருப்பதும் ஒருவகையில் நல்லது, அந்த மஞ்சள் காய் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் தேவையில்லாத வம்பு.